வளைவுக்கு ஒருத்தர்

லோயர் கேம்பில் தொடங்கி ஆண்டிபட்டிக் கணவாய் முடிய, ஒரு பொய்யை அரசாங்கத் தமிழில் பிசிறில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

சான்று வேண்டுமென்றால் எங்கள் கல்லூரி கேன்டீன் சுவரைக் கேட்கலாம். இரண்டு வருஷமாக அதில் நான் அறிவிப்பு ஒட்டி வந்தேன். "முதல்வர் அறை மின்விசிறி, பதினெட்டு ஆண்டுக் கால ஓயாத பணிக்காக முனைவர் பட்டம் பெறுகிறது. பாராட்டு விழா கருத்தரங்கக் கூடத்தில், பிற்பகல் மூன்று மணி." நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேர் பேராசிரியர்கள். ஒருவர் கையில் சால்வை இருந்தது. முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. "மகிழன், மூன்றாம் ஆண்டு பி.காம்., நூற்றிருபது மணிநேரம் சமூக சேவை" என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னைக் கம்பத்துக்கு அனுப்பி வைத்தார். அவர் எழுதியதில் பொய்யே இல்லை. அதனால் நடையும் சுமாராகத்தான் இருந்தது.

கம்பம்மெட்டு ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் இருக்கிறது மலையடி மறுவாழ்வு மையம். எட்டுக் கட்டில், ஒரு மருந்து பீரோ, சனிக்கிழமை மட்டும் வருகிற ஒரு டாக்டர். குடியை விடுகிறவர்கள் முதல் பத்து நாள் படுத்துக் கிடக்கிற இடம். ஆலோசகர் ராஜாத்தி அக்காவுக்குச் சொந்த ஊர் ஜெயமங்கலம். மதுரையில் இதற்கென்றே படித்தவர். சமையலும் காவலும் ஒச்சாண்டி அண்ணன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மையத்தில் மூன்றாவது கட்டிலில் கிடந்தவர், எழுந்ததும் அடுப்படிக்குப் போனவர், வீட்டுக்குப் போகவே இல்லை.

மையம் ஓடுவது சென்னையிலிருந்து ஒரு நிதிக்குழு தருகிற மானியத்தில். அது மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி டாக்டர் வர மாட்டார், மாத்திரை வராது, அக்காவுக்கு வேலை இருக்காது. "எனக்கு வேலை இருக்கும், சம்பளம் இருக்காது" என்றார் ஒச்சாண்டி அண்ணன். "அது இப்பவும் அப்படித்தான்."

நான் போய்ச் சேர்ந்த முதல் நாளே அக்கா என்னை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

"தம்பிக்கு எழுத்து நல்லா வருமாமே? உங்க முதல்வர் ஃபோன்ல சொன்னாக."

"என்ன சொன்னாரு?"

"எழுத்து நல்லா வருது, அதான் பிரச்சினைன்னாக. இந்தா, மானிய விண்ணப்பம். நான் சொல்லச் சொல்ல அடி."

பதிமூன்று கட்டம் வரை வழக்கமான கேள்விகள். பதினான்காவது கட்டம் கேட்டது: குழு அமர்வு நடைபெறும் இடம், நேரம், பங்கேற்போர் எண்ணிக்கை, வெற்றி விகிதம்.

"இடம், ஜீப்பு" என்றார் அக்கா.

நான் கையை எடுத்துக்கொண்டேன். "எந்த ஜீப்பு?"

"வேல்பாண்டி ஜீப்பு. நேரம், காலையில அஞ்சே காலுக்கு ஏறி மலை மேல மெட்டுக்குப் போய்ச் சேருற வரைக்கும். ஆளு, பதினொன்னுல இருந்து பதினாலு. வெற்றி விகிதம்..." கொஞ்சம் யோசித்தார். "தெரியாதுன்னு போடு. ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு இருக்கோம்னு போடு."

விஷயம் இதுதான். இங்கே குடிக்கிற ஆட்களும், குடிக்கிறவர்களைக் கட்டிக்கொண்டோ பெற்றோ தவிக்கிற பெண்களும் பகலில் ஊரில் இருப்பதில்லை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு மையத்துக்கு வா என்றால் அன்றைய கூலியை விட வேண்டும். ஒரு வருஷம் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, பிறகு தானே போய் ஜீப்பில் ஏறிவிட்டார். மலையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்கு ஒருத்தர் பேச வேண்டும். பேர் சொல்லி, இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று சொல்லி, நேற்று நடந்ததில் ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த வளைவு வந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒருத்தர் வளைவில் இன்னொருத்தர் பேசக் கூடாது. மேலே போனதும் அக்கா இறங்கி, கீழே வருகிற பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்வேன்? அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு போட்டேன்: "உலகின் முதல் நகரும் மனநல மருத்துவமனை கம்பத்தில் தொடக்கம். முதல் வளைவில் அழுகை, இரண்டாம் வளைவில் திருந்தல், மூன்றாம் வளைவில் வாந்தி. பயணிகள் தங்கள் பாவங்களை மடியில் வைத்துக்கொள்ளவும். மேலே கூரையில் இடமில்லை." நூற்றுப் பத்துப் பேர் சிரித்தார்கள். அந்த ஜீப்பில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது அறிவிப்பின் தரத்தை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை.

விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய கடைசி நாளன்று, மூன்றாவது கட்டிலில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து தேனிக்குக் கிளம்பியது. அக்கா அதன் படியில் ஒரு காலை வைத்தபடி, நான் நீட்டிய தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "சொன்னபடி அடிச்சுட்டேல்ல?"

"அடிச்சுட்டேன்கா."

பதிமூன்று கட்டம் சொன்னபடிதான் அடித்திருந்தேன். பதினான்காவதில் "இடம்: ஜீப்பு" என்று அடிக்க என் கை ஒத்துழைக்கவில்லை. சென்னையில் குளுகுளு அறையில் இருக்கிறவர் சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார் என்று தோன்றியது. அதனால் அது இப்படி இருந்தது: "மையத்தின் அமர்வுக் கூடத்தில், நாள்தோறும் முற்பகல் 10.30 முதல் 12.00 வரை, சராசரியாக 35 பயனாளிகள் முழு ஈடுபாட்டுடன் பங்கேற்கின்றனர். வெற்றி விகிதம் 92 விழுக்காடு." தொண்ணூற்று இரண்டு என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. தொண்ணூறு என்றால் சும்மா போட்ட மாதிரி இருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்கா அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கள் மையத்தின் அமர்வுக் கூட முறை முன்மாதிரியாக அமைந்துள்ளது. எமது ஆய்வாளர் திரு. ஞானசிகாமணி, வரும் புதன்கிழமை காலை 10.30 மணி அமர்வை நேரில் காண வருகிறார்." வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "தம்பி, அமர்வுக் கூடம் எங்கன இருக்கு?"

நான் சுற்றிலும் பார்த்தேன். எட்டுக் கட்டில் இருந்தது.

"முப்பத்தஞ்சு பேரு எங்கன இருக்காக?"

"மாடியில முப்பத்தஞ்சு பேரு ஏறுனா, கீழ உரக்கடைக்காரருக்குத்தான் மறுவாழ்வு" என்றார் ஒச்சாண்டி அண்ணன், வெங்காயம் உரித்தபடி.

அக்கா தாளின் கீழே இருந்த சின்ன எழுத்தையும் வாசித்தார். தவறான தகவல் தரப்பட்டது தெரியவந்தால் மையம் ஐந்தாண்டுகளுக்கு விண்ணப்பிக்க இயலாது. கையொப்பமிட்டவரே முழுப் பொறுப்பு.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது என்னைப் பேச வைத்தது.

"அக்கா, இது ஒரு பிரச்சினையே இல்ல. கட்சிக் கூட்டத்துக்கு ஆளு கூட்டிட்டுப் போறாகள்ல, அந்த மாதிரி முப்பது பேரக் கொண்டு வந்துருவோம். ஒரு பிரியாணிப் பொட்டலம். பந்தல்காரருகிட்டச் சேர் எடுத்துக்குவோம். குடிகாரவுக மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாப் போதும்."

"குடிகாரனா நடிக்கிறதுக்கு ஆளா? ஏலே, நம்ம ஊர்ல குடிக்காதவனா நடிக்கிறதுக்குத்தான்டா ஆளு கிடைக்காது" என்றார் ஒச்சாண்டி அண்ணன். யோசனை அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலால் எண்ண ஆரம்பித்திருந்தார்.

"வேணாம்" என்றார் அக்கா.

"அக்கா, மானியம் போயிரும்."

"போகக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ செய்வேன். இதச் செய்ய மாட்டேன்." குரல் உயரவே இல்லை. "தினம் காலையில அவுககிட்ட ஒரு நிஜத்தச் சொல்லுங்கன்னு கேக்குறேன். பொண்டாட்டிகிட்டச் சொல்லாதத, பெத்தவககிட்டச் சொல்லாதத அந்த இருட்டுல சொல்லுறாக. புதன்கிழமை நான் பொய்க் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்துட்டு, வியாழக்கிழமை எந்த மூஞ்சியோட அந்த ஜீப்புல ஏறுறது?"

அங்கேயே ஃபோனை எடுத்தார். ஆய்வாளர் ஞானசிகாமணியின் எண் கடிதத்தில் இருந்தது.

"வணக்கம் சார், கம்பத்துல இருந்து ராஜாத்தி. சார், புதன்கிழமை நீங்க பத்தரைக்கு வந்தீகன்னா வெறும் கட்டிலத்தான் பார்ப்பீக... ஆமா சார்... இல்ல, கூடம் கிடையாது. அமர்வு ஜீப்புல நடக்குது... ஜீப்பு சார், ஜீப்பு. விண்ணப்பத்துல வேற மாதிரி இருக்கு, தெரியும். அத நேர்லதான் சொல்ல முடியும். காலையில அஞ்சு மணிக்கு எங்க மையத்து வாசலுக்கு வந்துருங்க... குளிரும் சார். குல்லா போட்டுக்கங்க."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் வர்ற. எழுதுனவன் ஒரு தடவ பார்த்துரு."

"அவரு கேட்டா என்ன சொல்லுவீக?"

"கையெழுத்து என்னோடது. படிக்காமப் போட்டது நான். அத நான் சொல்லிக்கிறேன்."

எனக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த வேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்கு மையத்து வாசலில் பனி புகை மாதிரி நின்றது. ஞானசிகாமணி சார் அறுபதை ஒட்டிய வயசு. மங்கி குல்லா, மஃப்ளர், கைக்குள் அணைத்துப் பிடித்த ஒரு ஃபைல். குழந்தையை ஊசி போடக் கொண்டுவந்தவர் மாதிரி நின்றார்.

வேல்பாண்டி அண்ணன் படியேறி வந்தார். ஜீப் சாவி ராத்திரி மையத்து ஆணியில்தான் தொங்கும். காலையில் அவர் ஊதுகிற மெஷினில் ஊதிக் காட்டினால்தான் அக்கா சாவியைக் கொடுப்பார். அவரே கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பத்துப் பன்னிரண்டு உயிரை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவர். ஒரு காலத்தில் போதையோடே அந்த வளைவுகளைச் சுற்றியிருக்கிறார். அவர் மனைவி பவானி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தவர், இவர் குடிக்காமல் இருந்த நாற்பதாவது நாள்தான் திரும்பி வந்தார். மையத்தில் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணிக்கை தெரியும். இன்றைக்கு அறுபத்து நாலு. விண்ணப்பத்தோடு அனுப்பிய குறிப்பிலும் முதல் பேர் அவருடையதுதான்.

ஊதினார். மெஷின் பூஜ்யம் காட்டியது. சாவியை வாங்கும்போது அக்காவும் அவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை.

ஞானசிகாமணி சாரை முன்சீட்டில் ஏற்றினோம். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. பெண்கள் தூக்குவாளியும் போர்வையுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், நாலைந்து ஆண்கள் வாசல் பக்கம். எனக்குக் கிடைத்தது மூக்கம்மாள் என்கிற ஐம்பது வயசுப் பெண்ணின் முழங்காலுக்கும் ஸ்டெப்னி டயருக்கும் நடுவில் ஓர் இடம்.

"இவுகதான் வாந்தி ஆஸ்பத்திரின்னு எழுதுனவுகளா?" என்றார் மூக்கம்மாள்.

நான் ஸ்டெப்னியைப் பார்த்தேன்.

"எம் மக ஃபோன்ல வாசிச்சுக் காட்டுனா. நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஒன்னு மட்டும் தப்பு. வாந்தி எடுக்கிறது எங்க ஆளுக இல்ல, புதுசா வர்றவுகதான். கவர் வச்சிருக்கேன், வேணும்னாக் கேளுங்க."

ஜீப்பே சிரித்தது. முன்சீட்டில் குல்லா லேசாகத் திரும்பியது.

முதல் வளைவு வந்தது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சிரிப்பு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது.

"எம் பேரு மூக்கம்மா" என்றார், அதே குரலில். "மகன் நேத்தும் குடிச்சுட்டுத்தான் வந்தான். சோத்தப் போட்டேன். வாயத் திறக்கல. அவனத் திட்டாம இன்னைக்கு ஒம்பதாவது நாளு. திட்டாம இருந்தா அவன் விட்டுருவான்னு இல்ல. திட்டுனா எனக்கு ராத்திரி நெஞ்சு படபடன்னு வருது. அதான்." அடுத்த வளைவு வந்தது. "முடிஞ்சுது."

"எம் பேரு பாண்டியராஜன். நூத்திப் பன்னெண்டாவது நாளு. திராட்சத் தோட்டத்துல லோடு ஏத்தினேன், நேத்து. ஏவாரி ஒரு பாட்டில் குடுத்தாரு. வேணாம்னு சொல்ல வாய் வரல. வாங்கிட்டேன். குடிக்கல. ஆனா வீட்டுல இருக்கு. அரிசிப் பானைக்குள்ள இருக்கு."

வளைவு. மூக்கம்மாள் அவன் முழங்காலைத் தட்டி, சாயந்தரம் தான் வருவதாகச் சைகை காட்டினார். அவன் தலையாட்டினான். அடுத்தவர் ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும். அழுகை வரவில்லை, திருந்தலும் இல்லை. இதில் எதையும் நான் எழுதியிருக்க முடியாது என்றுதான் தோன்றியது. அரிசிப் பானை எனக்கு வந்திருக்காது. நான் "பாட்டிலைத் தூக்கி எறிந்தார்" என்று எழுதியிருப்பேன்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் வேல்பாண்டி அண்ணனின் முறை. கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல் பேசினார்.

"எம் பேரு வேல்பாண்டி."

"அறுபத்து நாலு" என்றார் ஞானசிகாமணி சார் மெதுவாக. குறிப்பைப் படித்துவிட்டு, அன்றிலிருந்து நாளைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். ஊக்கப்படுத்துகிற மாதிரி சொன்னார், பாவம்.

"இல்ல சார். மூணு."

கியரை மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை மச்சினன் வீட்டுல காதுகுத்து. பந்தலுக்குப் பின்னால ஊத்திக்கிட்டு இருந்தாக. யாரும் என்னையக் கட்டாயப்படுத்தல. நானாப் போயி நின்னேன். குடிச்சேன். திங்கக்கிழமை காலையில ஊதுனப்ப மெஷின் கத்திருச்சு. அக்கா சாவிய மாத்து டிரைவர் கர்ணன்கிட்டக் குடுத்துட்டாக. அன்னைக்கு ஓட்டுனது அவன்தான். காய்ச்சல்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். நேத்து ஊதுனேன், ஒன்னும் காட்டல, ஓட்டுனேன். ஆனா நேத்தும் இதச் சொல்லல. அறுபத்து மூணுன்னேன்." வளைவு நெருங்கியது. ஜீப்பின் வேகத்தைக் குறைத்தார். "பவானிக்கு இன்னும் தெரியாது. இன்னைக்குச் சாயந்தரம் சொல்லணும். போறாளா இருக்காளான்னு தெரியல. முடிஞ்சுது."

ஜீப் வளைந்தது. கீழே கம்பத்து வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது.

ஞானசிகாமணி சார் ஃபைலைப் பிரித்து, ஃபோன் டார்ச்சை அதன் மேல் அடித்தார். நான் அந்தத் தாளை இருட்டிலும் அடையாளம் கண்டேன்.

"பத்தரை மணி, அமர்வுக் கூடம், முப்பத்தைந்து பேர்" என்று வாசித்தார். "தொண்ணூற்று இரண்டு விழுக்காடு. இங்கே நான் எண்ணினது பதிமூணு பேர். உங்கள் முதல் உதாரணமே மூணு நாள்ல நிக்கிறார். அம்மா, இதை யார்..."

"சார், அதுல இருக்கிற கையெழுத்து என்னோடது" என்று ஆரம்பித்தார் ராஜாத்தி அக்கா. "நான்தான்..."

"ஆத்தா, கொஞ்சம் பொறு" என்றார் மூக்கம்மாள். "இது உன் வளைவு இல்ல. இந்தத் தம்பி வளைவு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்சீட்டு டார்ச் வெளிச்சமும் திரும்பியது.

என் வாயில் தயாராக இருந்த சொல் "தட்டச்சுப் பிழை." மிக நல்ல சொல். அதில் ஆளே இல்லை. யாரோ, எங்கேயோ, ஏதோ ஒரு விரல் தவறிவிட்டது. தொடர்ந்து "தொழில்நுட்பக் காரணங்களால்" என்று கோத்துவிட்டால் அடுத்த வளைவு வந்துவிடும். ஜீப்பில் போகிற யாராலும் அது பொய் என்று நிரூபிக்க முடியாது. அக்கா ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்.

வேல்பாண்டி அண்ணன் ஜீப்பை மெதுவாக விட்டார். அடுத்த வளைவு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை.

"எம் பேரு மகிழன்" என்றேன். என் குரல் எனக்கே அறிமுகமில்லாமல் இருந்தது. "அந்தக் கட்டத்த எழுதுனது நான். அக்கா ஜீப்புன்னுதான் சொன்னாக. பதினொன்னுல இருந்து பதினாலுன்னாக. வெற்றி விகிதம் தெரியாதுன்னு போடச் சொன்னாக. எனக்கு அது கேவலமா இருந்துச்சு. நீங்க சிரிப்பீகன்னு நெனச்சேன், ஏன்னா நான் சிரிச்சேன். ஆம்புலன்ஸ் படியில நின்னுக்கிட்டு அவுக கையெழுத்துப் போட்டப்ப, சொன்னபடி அடிச்சேன்னு இன்னொரு பொய் சொன்னேன். தொண்ணூத்தி ரெண்டுக்குக் கணக்கு கிடையாது. நானாப் போட்டேன். எத்தனையாவது நாளுன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

வளைவு வந்தது. ஜீப் முழுசாகத் திரும்பி நிமிர்ந்த பிறகுதான் மூக்கம்மாள் மெதுவாகச் சொன்னார்: "முடிஞ்சுதுன்னு சொல்லணும்."

"முடிஞ்சுது" என்றேன்.

அதற்குப் பிறகு அமர்வு நிற்கவில்லை. அடுத்த ஆள் பேர் சொல்லி நாள் சொன்னார். ஞானசிகாமணி சார் டார்ச்சை அணைத்துவிட்டு, மெட்டு வரும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

மேலே செக்போஸ்ட் பக்கத்தில் அக்கா, நான், சார் மூவரும் இறங்கினோம். ஜீப் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு மலையாளச் சேட்டன் கடையில் பாலில்லாத கட்டன் சாயா வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சார் குல்லாவைக் கழற்றி, ஃபைலிலிருந்து அந்தத் தாளை உருவினார். பதினான்காவது கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பேனாவை அக்காவிடம் கொடுத்தார்.

"கையால எழுதுங்க. இன்றைய தேதியோட. டிரைவருடைய எண்ணிக்கையும் மூணுன்னே இருக்கட்டும்."

"மூணுன்னா குழுவுல ஒத்துக்குவாகளா சார்?" என்று கேட்டார் அக்கா. அந்தக் காலை முழுக்க அவர் குரல் நடுங்கியது அப்போது மட்டும்தான்.

"தெரியாது. தப்பான தகவலைத் தாங்களே முன்வந்து திருத்தினதா என் குறிப்புல இருக்கும். நான் பார்த்ததை எழுதுவேன். அவங்க பத்து விண்ணப்பத்துல தொண்ணூறைத் தாண்டின எண்ணைப் பார்த்தவங்க. மூணை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."

அக்கா எழுதினார். "இடம்: ஜீப்பு." எழுத்து கோணலாக இருந்தது. என்னை விட நன்றாக எழுதியிருந்தார்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி பதில் வந்தது. மூன்று வருஷம் கேட்டிருந்தோம். ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். டாக்டரும் மாத்திரையும் உண்டு, கட்டில் எட்டிலிருந்து ஆறு. ஆறாவது மாதம் ஜீப் அமர்வைப் பற்றி நாள்வாரிக் குறிப்பு தர வேண்டும், அதைப் பார்த்து மீதி. அக்கா இரண்டு தடவை படித்தார், பெருமூச்சு எதுவும் விடவில்லை, ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். "ஆறு மாசம் இருக்கு. அதுக்குள்ள அடுத்தத வாங்கணும். மீதி ரெண்டு கட்டிலையும் வாங்கணும்." ஒச்சாண்டி அண்ணன், எடுக்கச் சொன்ன கட்டில்களில் மூன்றாவது இருக்கக் கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். இதற்குள் பவானி அக்கா விஷயம் தெரிந்து அம்மா வீட்டுக்குப் போய், எட்டு நாள் கழித்துத் திரும்பியிருந்தார். பதில் வந்த அன்றைக்கு வேல்பாண்டி அண்ணன் முப்பத்தொன்பதில் இருந்தார்.

என் நூற்றிருபது மணிநேரம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. அக்கா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார், இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை, ஐந்து பத்துக்கு, நான் மையத்து வாசலில் இருந்தேன். மூக்கம்மாள் போர்வையை இழுத்து இடம் விட்டார். அக்கா நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தார். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. நான் எழுதிக்கொண்டே வந்தேன். சொன்னபடியே எழுதினேன். என் முறை வந்தபோது நோட்டை மூடிக்கொண்டேன்.

"எம் பேரு மகிழன். நேத்து எங்க முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுனேன். சேவை இன்னும் அறுபது மணிநேரம் பாக்கி இருக்கு, முடிக்கணும், அனுமதி குடுங்கன்னு. பாக்கி ஒன்னும் இல்ல, அது பொய். இன்னைக்கு முதல் நாளு."

வேல்பாண்டி அண்ணன் அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கை ஒடித்தார்.

"முடிஞ்சுது" என்றேன்.